போடிமெட்டு ஏற்றத்தில் கல் எங்கே வந்து விழும்? கணினியால் முன்கூட்டிச் சொல்ல முடியுமா?

ஏலக்காய்வண்டி | நவம்பர் 14, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். மதுரை மாட்டுத்தாவணியில் காய்கறி ஏற்றிப் பூப்பாறையில் இறக்குகிறேன். திரும்பும்போது ஏலக்காய் மூட்டை கிடைத்தால் போடி வரைக்கும் ஏற்றி வருவேன். 11 வருடமாக இதே ஓட்டம்தான். போடிமெட்டு ஏற்றத்தின் 17 கொண்டை ஊசி வளைவும் கண்ணை மூடினாலும் எனக்குத் தெரியும்.

நவம்பர் 11, விடிகாலை 4 மணி இருக்கும். முந்தின நாள் பூராவும் மழை, அப்போது விட்டிருந்தது. பாதி ஏற்றத்தில் மேலே பொடிக்கல் சரசரவென்று சரிகிற சத்தம் கேட்டது. குரங்காக இருக்கும் என்று நினைத்தேன், ஆனாலும் கால் தானாக பிரேக்குக்குப் போய்விட்டது. கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்க்கிறேன், ஹெட்லைட் வெளிச்சத்துக்குள் ஒரு கல் வந்து தார்மேல் விழுந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் இரண்டடிக்குக் குறையாது. விழுந்த வேகத்தில் ஒரு குதி குதித்து, தடுப்புச் சுவரின் தலையை உடைத்துக்கொண்டு பள்ளத்துக்குள் போய்விட்டது. கீழே மரங்களை முறித்துக்கொண்டு அது போகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. இறங்கிப் பார்த்தேன். தாரில் ஒரு சாண் அகலத்துக்குக் குழி, அதைச் சுற்றி மாவு மாதிரி வெள்ளைக் கல்பொடி. பட்டாசு வெடித்த இடத்தில் வருமே, அந்த வாடை.

வண்டி 20 அடி முன்னால் போயிருந்தால் இதை எழுத நான் இல்லை.

கல்லூரியில் படிக்கும் என் மகள், மலையின் வடிவத்தைக் கணினிக்குள் ஏற்றி அதில் கல்லை உருட்டிப் பார்க்கிற மென்பொருள் இருக்கிறது என்கிறாள். உண்மையா? நான் கேட்பது ஒரே ஒரு இடத்தைப் பற்றி. ஏழெட்டு வண்டிக்காரர்கள் எஞ்சின் சூடு ஆற நிறுத்தி டீ குடிக்கிற ஒரு வளைவு உண்டு. ஓர் அக்கா தள்ளுவண்டியில் டீ போடுகிறார். பின்னால் செங்குத்துப் பாறை. அங்கே நிற்கலாமா, கூடாதா?

பெரியகுளத்தான் | நவம்பர் 14, இரவு 10.15

அண்ணே, உயிர் தப்பியதே பெரிது. எனக்கு அடுக்கம் பக்கம் காப்பித் தோட்டம். பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாகக் கொடைக்கானல் போகிற சாலையில் மழைக்கு மழை கல் கிடக்கும். பொக்லைன் வந்து ஓரம் தள்ளிச் சாலையைத் திறந்துவிடுவார்கள். எந்தக் கல் எங்கிருந்து வந்தது, எவ்வளவு பெரிது, எங்கே நின்றது என்று யாரும் எழுதிவைத்து நான் பார்த்ததில்லை. அடுத்த மழைக்கு அதே இடத்தில் இன்னொன்று கிடக்கும். எனக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும்.

சரிவுக்கணக்கு | நவம்பர் 15, காலை 7.05

ஏலக்காய்வண்டி அண்ணா, உங்கள் மகள் சொன்னது உண்மை. நான் மதுரைக்காரிதான், மலைச்சரிவுகளைக் கணக்கிடுவதுதான் தொழில். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல் விழுவதை உட்கார்ந்து முறையாகப் பார்த்தவர்களில் முன்னோடி ரிட்சி என்பவர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில நெடுஞ்சாலைத் துறையில் இருந்தவர். சரிவுகளின் உச்சியிலிருந்து நூற்றுக்கணக்கான கற்களைத் தள்ளிவிட்டுப் படம்பிடித்து, 1963ல் முடிவுகளை வெளியிட்டார். சரிவு ஏறத்தாழ 76 பாகைக்கு மேல் இருந்தால் கல் காற்றிலேயே விழுகிறது. 45க்கும் 76க்கும் நடுவில் குதித்துக் குதித்து வருகிறது. 45க்குக் கீழே உருளுகிறது. சாலையோரப் பள்ளத்தை எவ்வளவு அகலமாக, எவ்வளவு ஆழமாக வெட்டினால் கல் அதற்குள்ளேயே அடங்கும் என்றும் அளவு கொடுத்தார். அப்புறம் 1980களின் கடைசியில் கொலராடோவில் கிளென்வுட் பள்ளத்தாக்குச் சாலைக்காக இதைக் கணினிக்குக் கொண்டுபோனார்கள். இன்றைக்கு ராக்ஃபால், ராக்கிஃபார் 3டி, ஸ்விட்சர்லாந்தின் ராம்ஸ் என்று பல மென்பொருள்கள் இருக்கின்றன.

உள்ளே நடப்பது இதுதான். மலையின் குறுக்குவெட்டைக் கணினியில் வரைகிறோம். கல் கிளம்பும் இடத்தைக் குறிக்கிறோம். கல் தரையில் படும் ஒவ்வொரு முறையும் அதன் வேகத்தை இரண்டாகப் பிரித்து, தரைக்குச் செங்குத்தான பங்கில் எவ்வளவு மிச்சம், தரையோடு போகிற பங்கில் எவ்வளவு மிச்சம் என்று பெருக்கிக்கொண்டே போகும். வழக்கமாக எடுத்தாளும் அட்டவணையில் வெறும் பாறைக்கு, செங்குத்துப் பங்கில் 0.35, தரையோடு போகிற பங்கில் 0.85 என்று இருக்கும். புல் பூண்டு முளைத்த மண்ணுக்கு 0.30, 0.80. தார்ச் சாலைக்கு 0.40, 0.90. அதாவது உங்கள் கல் குதித்த தார், கல்லுக்குப் பாறையைவிட நல்ல எம்புபலகை. ஒரே கல்லை உருட்டிவிட்டு முடிவு சொல்லக்கூடாது என்பதால் இந்த எண்களைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி 1000, 5000 கற்களை உருட்டுவோம். அவற்றில் எத்தனை சாலையைத் தொட்டன, எந்த உயரத்தில் வந்தன, என்ன வேகம் என்று வெளியே வரும்.

உங்கள் கல்லையே எடுத்துக்கொள்வோம். 60 சென்டிமீட்டர் கனசதுரம் என்று வைத்தால் கன அளவு 0.216 கன மீட்டர். நம் பக்கத்துப் பாறை ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2700 கிலோ. ஆக 583 கிலோ. நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வந்திருந்தால் அதன் ஆற்றல் 117 கிலோஜூல். ஒரு டன் கார் மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதுவதும் இதே அளவுதான். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நாலு மடங்கு. தடுப்புச் சுவர் உடைந்ததில் ஆச்சரியமே இல்லை. அந்தச் சுவர் வண்டி பள்ளத்தில் விழாமல் இருக்கக் கட்டியது. கல்லைத் தாங்கும் வலைகள் வேறு. 100 கிலோஜூல் தாங்குவது முதல் பல ஆயிரம் கிலோஜூல் தாங்குவது வரை சோதித்துத் தரம் பிரித்து விற்கிறார்கள். எந்த வலை, எவ்வளவு உயரத்துக்கு, எந்த இடத்தில் என்று முடிவு செய்யத்தான் இந்தக் கணக்கு முக்கியமாகப் பயன்படுகிறது.

ஏலக்காய்வண்டி | நவம்பர் 15, மதியம் 1.30

ரொம்ப நன்றிம்மா. மகள் படித்துக் காட்டினாள், தார் எம்புபலகை என்றது மனதில் பதிந்துவிட்டது. நான் கண்ணால் பார்த்ததும் அதுதான். ஒன்று கேட்கிறேன். நாளைக்கு விழுமா, அடுத்த வாரம் விழுமா என்று இது சொல்லுமா? சொன்னால் அன்றைக்கு வண்டியை எடுக்க மாட்டேன்.

சரிவுக்கணக்கு | நவம்பர் 15, இரவு 8.20

சொல்லாது அண்ணா. கிளம்பினால் எங்கே போகும் என்பதைச் சொல்லும், எப்போது கிளம்பும் என்பதைச் சொல்லாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்கு ஏமாற்றம் வருகிறது.

எப்போது என்பதற்குப் பக்கத்தில் வருவது மழையை வைத்துச் சொல்லும் எச்சரிக்கை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2024 ஜூலை 19 அன்று கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையத்தைத் தொடங்கியது. டார்ஜிலிங், காலிம்போங், நீலகிரி மாவட்டங்களுக்கு மழைக்காலத்தில் அறிக்கை தருவதில் ஆரம்பித்தார்கள். ஆனால் அது வட்டம் வட்டமாக, அதாவது தாலுகா வாரியாகச் சொல்வது. இந்த வட்டத்தில் இன்றைக்கு நிலச்சரிவு வாய்ப்பு அதிகம் என்று தெரியும். உங்கள் டீ வளைவின் தலைக்கு மேல் இருக்கிற ஒற்றைக் கல் அந்தக் கணக்குக்குள் வராது. மழை விட்டபிறகு வெயிலில் விழுகிற கல்லும் உண்டு.

கல்லுளி | நவம்பர் 16, காலை 6.10

மேலூர்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் அப்பா 35 வருடம் கல் உடைத்தவர். சின்ன வயதில் அவரோடு பாறைமேல் நடந்திருக்கிறேன். சம்மட்டியின் பின்பக்கத்தால் பாறையைத் தட்டிக்கொண்டே போவார். கணீர் என்று கேட்டால் அடிவரைக்கும் ஒரே கல். டொப் டொப் என்று பானையைத் தட்டின மாதிரி கேட்டால் அடியில் பிரிந்துவிட்டது, பாளம் தனியாகக் கிடக்கிறது. அந்த இடத்துக்குக் கீழே எங்களை உட்கார விடமாட்டார். மதியச் சோறு எங்கே வைத்துச் சாப்பிடுவது என்பதையே அந்தச் சத்தம்தான் முடிவு செய்யும்.

அப்பா சொன்ன இன்னொன்று, பாறை வெயிலில் மூச்சு விடும் என்பது. அந்தக் காலத்தில் வெடிமருந்து இல்லாமல் பாளம் எடுக்க, பாறைமேல் விறகை அடுக்கித் தீ மூட்டுவார்கள். சூடு ஏற ஏறத் தோல் உரிகிற மாதிரி பாளம் கிளம்பும். தீ ஒரு நாளில் செய்வதைச் சித்திரை வெயில் நூறு வருடத்தில் செய்யும் என்பார்.

என் கேள்வி, கணினிக்கு அந்தச் சத்தம் கேட்குமா?

சரிவுக்கணக்கு | நவம்பர் 16, காலை 7.45

கல்லுளி அண்ணா, உங்கள் அப்பா சொன்னது அப்படியே சரி. அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் கிரானைட் முகத்திலிருந்து பாதி பிரிந்த ஒரு பாளத்துக்குப் பின்னால் கருவி வைத்து மூன்றரை வருடம் அளந்தார்கள். 2016ல் முடிவு வெளியானது. ஒவ்வொரு நாளும் வெயில் ஏறும்போது பாளம் பாறையிலிருந்து விலகுகிறது, இரவில் திரும்பி வருகிறது. சில நாட்களில் இந்த ஆட்டம் 1 சென்டிமீட்டர் வரை போயிருக்கிறது. கோடையில் முழுசாகத் திரும்பி வராமல் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் கூடுகிறது. மழையோ பனியோ நிலநடுக்கமோ இல்லாத வெயில் நாளில் ஏன் கல் விழுகிறது என்பதற்கு அங்கே கிடைத்த பதில் இதுதான்.

யானைமலையை நினைத்துப் பாருங்கள். ஒத்தக்கடையிலிருந்து பார்த்தால் வழுவழுவென்று இருக்கும், கிட்டே போனால் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்த பாளங்கள். நாகமலையிலும் அழகர்மலையிலும் வேறு மாதிரிப் பிளவுகள் உண்டு. இச்சி மரம் வெடிப்புக்குள் வேரை விட்டு நெம்புவதும் தனி. இதெல்லாம் சேர்ந்துதான் கல் எப்போது கிளம்பும் என்பதைத் தீர்மானிக்கிறது.

கணினிக்குச் சத்தம் கேட்காது. கேட்டவர்கள் போய்ச் சொல்ல வேண்டும். கல் கிளம்பும் இடத்தை நாம்தான் குறிக்கிறோம் என்றேனே, அந்தப் புள்ளியைத் தப்பாக வைத்தால் மிச்சக் கணக்கு முழுவதும் வீண்.

எம்இமாணவன் | நவம்பர் 16, இரவு 10.50

//அந்தப் புள்ளியைத் தப்பாக வைத்தால் மிச்சக் கணக்கு முழுவதும் வீண்//

மேடம், புள்ளியைச் சரியாக வைத்தும் நான் ஏமாந்திருக்கிறேன். என் புராஜெக்ட் சிறுமலைச் சாலையில் ஒரு வெட்டுச்சரிவு. முதலில் இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் செயற்கைக்கோள் உயரத் தரவை எடுத்து, அட்டவணை எண்களைப் போட்டு ஓட்டினேன். ஒரு கல் கூடச் சாலைக்கு வரவில்லை. சந்தோஷமாக அச்சடித்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் சாலையோர வாய்க்காலில் உடைந்த முகம் வெள்ளையாக, பாசி பிடிக்காத கற்கள் கிடக்கின்றன.

அப்புறம் எதிர்ப்பக்கம் நின்று கைப்பேசியில் 200 படம் எடுத்து, அவற்றைச் சேர்த்து முப்பரிமாணச் சரிவு உருவாக்கினேன். அதில்தான் தெரிந்தது, நடுவில் இரண்டு இடத்தில் ஓரடி, ஒன்றரை அடிக்குப் பாறை படி மாதிரி துருத்திக்கொண்டிருக்கிறது. 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்த தரவில் அந்தப் படி எப்படித் தெரியும்? கல் அதில் பட்டதும் வெளியே எகிறுகிறது. அதே எண்கள், அதே கல், இந்த முறை சாலையின் நடுக்கோட்டைத் தாண்டியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேறு ஒரு மலைச்சாலையில் ஒரு தனியார் ஆலோசனைக் குழு கொடுத்த அறிக்கையை வைத்து வலை கட்டியிருந்தார்கள். ஒரே ஒரு கோட்டில் குறுக்குவெட்டு எடுத்துக் கணக்கிட்டிருந்தார்கள். மேலே ஓடை கொஞ்சம் வளைகிறது. கல் அந்த வளைவைப் பிடித்துக்கொண்டு, வலை முடிகிற இடத்துக்கு அந்தப் பக்கம் வந்து இறங்கியிருந்தது. எங்கள் ஆசிரியர் எங்களை அழைத்துப்போய்க் காட்டினார். வலை பளபளவென்று நிற்கிறது, கல் பத்தடி தள்ளிக் கிடக்கிறது. அதைப் பார்த்த நாளிலிருந்து ஒற்றைக் கோட்டுக் கணக்கை நான் நம்புவதில்லை.

சரிவுக்கணக்கு | நவம்பர் 17, காலை 6.55

தம்பி, நீங்கள் எழுதியதை ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டும். அச்சடித்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாய்க்காலில் கிடக்கும் கல்லைப் பார்த்தீர்களே, அதுதான் படிப்பு.

பக்கவாட்டில் கல் ஓடுவதற்கு ஓடை மட்டும் காரணமில்லை, கல்லின் வடிவமும் காரணம். ஸ்விட்சர்லாந்தில் சான்ட் சூரா என்ற சரிவில், உள்ளே உணர்கருவி பொருத்திய செயற்கைக் கற்களை உருட்டிச் சோதித்தார்கள். பெரியவை இரண்டரை டன்னுக்கு மேல். கனசதுரக் கற்கள் பெரும்பாலும் நேர்கீழாக இறங்கின. சக்கரம் மாதிரி தட்டையான கற்கள் நிமிர்ந்து உருண்டு இரண்டு பக்கமும் விசிறி மாதிரி பரவின. எடையைவிட வடிவம் முக்கியம் என்பது அவர்கள் முடிவு. கல்லைப் புள்ளியாகப் பார்க்கிற பழைய கணினி மாதிரியில் இது வரவே வராது. நம் பாளப் பாறைகளில் விழுவது பெரும்பாலும் தட்டைக் கல் என்பதால் இது எனக்கு ரொம்பக் கவலை தரும் விஷயம்.

வைகைக்கரை | நவம்பர் 17, காலை 11.20

குறுக்கே கேட்கிறேன், மன்னிக்கவும். செயற்கை நுண்ணறிவுதான் எல்லாம் செய்கிறதே, அதை வைத்துச் சொல்ல முடியாதா?

எம்இமாணவன் | நவம்பர் 17, மதியம் 12.05

முடியும் சார், ஆனால் அதற்குச் சாப்பாடு வேண்டும். எந்தெந்த இடத்தில் ஏற்கெனவே விழுந்தது என்ற பட்டியலைக் கொடுத்தால், அதே மாதிரி சாய்வு, பாறை வகை, பிளவுத் திசை, சாலை வெட்டு இருக்கிற மற்ற இடங்களைக் காட்டும். பெரியகுளத்தான் அண்ணன் மேலே எழுதினாரே, யாரும் எழுதிவைப்பதில்லை என்று, அங்கேதான் முட்டி நிற்கிறது. பட்டியலில் பெரிய சரிவுகள் மட்டும் இருக்கும். ஓரம் தள்ளிய கல்லுக்கு வரிசையே கிடையாது.

ஓய்வாசிரியர் | நவம்பர் 17, மாலை 5.40

திருமங்கலத்தில் 31 வருடம் புவியியல் நடத்தியவன். பிள்ளைகள் பேசுவதைப் படிக்க மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

வரைபடம் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்காக ஒரு செய்தி. புவியியல் ஆய்வுத் துறை 2014லிருந்து நாடு முழுவதும் நிலச்சரிவு வாய்ப்பு வரைபடம் தயாரித்தது. அளவு 1:50,000. அதாவது வரைபடத்தில் 1 சென்டிமீட்டர் தரையில் 500 மீட்டர். மாவட்டத்துக்குத் திட்டம் போட அது அருமையான கருவி. ஆனால் அந்த டீத் தள்ளுவண்டி, அது நிற்கும் வளைவு, பின்னால் இருக்கும் பாறை எல்லாமே அதில் ஒரு பேனா முனைக்குள் அடங்கிவிடும்.

2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சேர்ந்து வீட்டின் மேல் இறங்கி 7 பேர் இறந்தார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. அது வெறும் கல் உருளல் இல்லை, மழையில் கல்லைப் பிடித்திருந்த மண்ணே கரைந்து வந்தது. ஆனாலும் மலையடிவாரத்தில் வீடு கட்டும் ஒவ்வொருவருக்கும் அது நடந்திருக்கலாம். இங்கே திருப்பரங்குன்றம், யானைமலை, நாகமலை அடிவாரங்களிலும் மக்கள் இருக்கிறார்கள். அந்தச் செய்தி வந்த இரவு நான் தூங்கவில்லை.

என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். அடிவாரத்தில் கிடக்கும் ஒவ்வொரு உருட்டுக்கல்லும் ஒரு முடிந்த சோதனை. ரிட்சி தள்ளிவிட்டுப் பார்த்ததை மலையே நமக்காகச் செய்து வைத்திருக்கிறது. எங்கே நின்றது என்று எண்ணினால் போதாதா?

சரிவுக்கணக்கு | நவம்பர் 17, இரவு 9.15

ஐயா, போதும் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதுதான் முதல் வேலை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2011 பிப்ரவரி 22 நிலநடுக்கத்தில் போர்ட் ஹில்ஸ் குன்றுகளிலிருந்து கற்கள் வீடுகளுக்குள் பாய்ந்தன. அங்கே நின்ற கற்களை ஆயிரக்கணக்கில் ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். மாதிரியில் உருட்டிய கல்லும் உண்மையில் உருண்ட கல்லும் ஒரே இடத்தில் நிற்கும்வரை எண்களைத் திருத்தினார்கள். எந்த வீட்டில் இருக்கலாம், எதைக் காலி செய்ய வேண்டும் என்று அப்புறம்தான் முடிவு செய்தார்கள். அட்டவணை எண்களை அப்படியே போட்டிருந்தால் அந்த முடிவை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

கணினியே இல்லாத ஒரு வழியும் உண்டு. ஏலக்காய்வண்டி அண்ணனுக்கு இது உடனே உதவும். செங்குத்துப் பாறையின் அடியில் காலங்காலமாக விழுந்த கல் குவிந்து சரிவாகக் கிடக்கும். அந்தக் குவியலின் மேல்நுனி, பாறையைத் தொடும் இடம், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அந்த நுனியைப் பார்க்கும் கோணம் என்ன? கனடாவில் எவன்ஸ், ஹங்கர் என்ற இருவர் பல குவியல்களை அளந்து 1993ல் எழுதியது: 27.5 பாகைக்கு மேல் என்றால் கல் வந்து நிற்கக்கூடிய எல்லைக்குள் இருக்கிறீர்கள். குறைந்தால் பெரும்பாலும் வெளியே. கணக்காகச் சொன்னால் நுனி 20 மீட்டர் உயரத்தில் இருந்தால், அதற்கு நேர்கீழிலிருந்து 38 மீட்டர் வரை ஆபத்து.

இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறு இடங்களில் இதைவிடத் தாழ்ந்த கோணத்திலும் கல் போய் நின்றது பதிவாகியிருக்கிறது. நம் மலைச்சாலை சரிவின் நடுவில் வெட்டியது, கல் குவிய இடமில்லாத வளைவில் இந்தக் கணக்கு செல்லாது. ஆனால் 27.5க்கு ரொம்ப மேலே வந்தால் அங்கே நிற்காதீர்கள் என்று தயங்காமல் சொல்வேன். கைப்பேசியில் சாய்வு அளக்கும் செயலி இருக்கும். வெயில் நாளில், பகலில் அளங்கள். மழையில் அந்தப் பக்கமே போகக்கூடாது.

பெரியகுளத்தான் | நவம்பர் 18, காலை 8.00

சாலை அகலப்படுத்தும்போது அடியை வெட்டுகிறார்களே, அதைப் பற்றியும் எழுதுங்கள் மேடம். 2019லும் 2020லும் மூணார் கேப் ரோட்டில் அகலப்படுத்தும் வேலை நடந்த இடத்தில் மலையே பெயர்ந்து வந்து கிடந்தது. நம்ம போடிமெட்டு, மதுரை வழியாகத் தொண்டி போகிற அதே தேசிய நெடுஞ்சாலை 85தான்.

சரிவுக்கணக்கு | நவம்பர் 18, காலை 9.30

அண்ணா, பாறையின் பிளவு சாலையைப் பார்த்துச் சாய்ந்திருந்தால், அடியை வெட்டியதும் மேலே இருக்கிற பாளத்துக்குத் தாங்க ஒன்றும் இருக்காது. பிளவின் திசையையும் சாய்வையும் காம்பஸில் அளந்து, வெட்டும் கோணத்தோடு ஒப்பிட்டாலே வழுக்குமா, ஆப்பு மாதிரி கழன்று வருமா, முன்பக்கம் கவிழுமா என்று தெரிந்துவிடும். இது வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு நாள் வேலை. வெட்டிவிட்டு அளப்பது, சோறு வெந்தபின் அரிசி களைவது மாதிரி. இதில் எனக்குக் கோபமே வரும், அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

ஏலக்காய்வண்டி | நவம்பர் 20, இரவு 10.30

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தபிறகு, நேற்று மகளையும் கூட்டிக்கொண்டு பகல் 11 மணிக்குப் போனேன். அளந்ததை எழுதுகிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள்.

டீத் தள்ளுவண்டி நிற்கும் இடத்திலிருந்து குவியலின் நுனியைப் பார்த்தால் 41 பாகை. மகள் மூன்று தடவை அளந்தாள். 40, 41, 41.

அப்புறம் இத்தனை வருடம் அங்கே நின்று டீ குடித்தும் கவனிக்காத ஒன்றைப் பார்த்தோம். தள்ளுவண்டிக்குப் பின்னால் ஒரு மரம். மலையைப் பார்த்த பக்கம் என் நெஞ்சு உயரத்தில் பட்டை பெயர்ந்து, உள்ளே கட்டை தெரிகிறது. ஓரத்தில் பட்டை சுருண்டு மூடப் பார்க்கிறது. அதற்குக் கீழே இன்னொரு பழைய வடு, முழுசாக மூடிவிட்டது. அக்காவிடம் கேட்டேன். "ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு நாள் காலைல வந்து பார்த்தா கல்லு கெடந்துச்சு, உருட்டி விட்டுட்டு அடுப்பப் பத்த வெச்சேன்" என்றார்.

அந்த வளைவுக்குக் கீழே ஒரு வளைவு தள்ளிச் சாலை அகலமாக இருக்கிறது. அங்கே 22 பாகை. வாய்க்காலில் புதுக் கல் ஒன்றும் இல்லை.

சரிவுக்கணக்கு | நவம்பர் 20, இரவு 11.10

அண்ணா, அந்த மரத்து வடுவைப் படம் எடுத்தீர்களா? தரையிலிருந்து அது எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து அனுப்புங்கள். கல் அந்த இடத்தில் எந்த உயரத்தில் வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. மாதிரியை ஓட்டும்போது கல் அதே இடத்தில் அதே உயரத்தில் வருகிறதா என்று முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

41 என்பது ரொம்ப அதிகம். இரண்டு வடுவும் அதையே சொல்கின்றன. தயவுசெய்து அக்காவிடம் சொல்லுங்கள்.

ஏலக்காய்வண்டி | நவம்பர் 21, இரவு 9.00

சொல்லிவிட்டேன்மா. அக்கா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கேதான் குழாயில் ஊற்றுத் தண்ணீர் வருகிறது, பிழைப்பு அதில் இருக்கிறது. நாங்கள் எட்டு வண்டிக்காரர்களும் பேசி, கீழ் வளைவில்தான் இனிமேல் நிறுத்துவோம், ஏறும்போது ஆளுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து தருவோம் என்று சொன்னோம். திங்கள் முதல் அங்கே போடுவதாகச் சொல்லியிருக்கிறார். வடு 128 சென்டிமீட்டர். படம் அனுப்பியிருக்கிறேன்.

ஓய்வாசிரியர் | நவம்பர் 22, காலை 6.30

ஞாயிறு காலை 6 மணிக்கு நானும் எம்இமாணவன் தம்பியும் ஒத்தக்கடையில் சந்திக்கிறோம். யானைமலை அடிவாரத்தில் பொதுப்பாதையை ஒட்டிக் கிடக்கும் கற்களை எண்ணிக் குறிக்கப்போகிறோம். கல்லுளியும் வருகிறேன் என்றிருக்கிறார், சம்மட்டி வேண்டாம், காது போதும் என்று சொல்லிவிட்டேன். குடைவரையும் சமணர் படுக்கையும் இருக்கிற மலை, ஒரு கல்லையும் நகர்த்தக்கூடாது, தட்டக்கூடாது. டேப், நோட்டு, தொப்பி, தண்ணீர் கொண்டுவாருங்கள்.

எம்இமாணவன் | நவம்பர் 22, காலை 9.45

மலைச்சாலையில் போகிற எல்லோரும் எழுதும்படி ஒரு பொதுத் தாள் திறந்திருக்கிறேன். நாள், நேரம், முந்தின நாள் மழை, இடம், கல்லின் மூன்று அளவு, தட்டையா கனசதுரமா, எங்கே நின்றது, உடைந்த முகம் புதிதா பழசா. அவ்வளவுதான். வண்டியை விட்டு இறங்கி ஆபத்தான இடத்தில் நின்று அளக்க வேண்டாம், தாண்டிப் போய் நிறுத்திக் கண்ணளவில் எழுதினாலே போதும்.

ஏலக்காய்வண்டி | நவம்பர் 22, மதியம் 2.15

மகள் தாளில் முதல் வரி போட்டுவிட்டாள்.

நவம்பர் 11. விடிகாலை 4 மணி. முந்தின நாள் பகல் முழுதும் மழை. போடிமெட்டு ஏற்றம், பாதி தூரம். 60, 60, 60 சென்டிமீட்டர், கண்ணளவு. கனசதுரம். தாரில் ஒருமுறை குதித்தது. நின்ற இடம்: பள்ளத்துக்குள், பார்க்கவில்லை.